மாமா பார்க்காத ரம்மி

எங்கள் திற்பரப்பில் கல்யாண வீடு என்றால் முந்தின ராத்திரி சீட்டு விளையாட்டு நிச்சயம் உண்டு. போன மாதம் ஒரு மாமாவின் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தேன். ரம்மி சேர்ந்து விட்டது, மனுஷன் கவனிக்கவில்லை! சேர்ந்த சீட்டையே உருவிக் கீழே போடப் போனார். நான் வாயைத் திறந்தேன். "லேய், மிண்டாம இரி" என்று பெரியப்பா அதட்டினார்.

அப்போது அநியாயமாகப் பட்டது. பிறகுதான் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தேன் (பி.காம். சிலபஸில் கிடையாது, சும்மாதான்). செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியது பற்றிய வழக்கு. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம், ஆனால் ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று திறமை வேண்டும் என்றார் நீதிபதி ஹிதாயதுல்லா. கவனிப்பதே ஆட்டம் என்றால் நான் சொல்லிக் கொடுப்பது கள்ள ஆட்டம்தானே?

போக்கரில் கதை வேறு. 2001-ல் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிப்படி, கடைசியில் சீட்டைத் திறந்து வைத்து விட்டால் சீட்டுதான் பேசும். "ஒரு ஜோடிதான் இருக்கு" என்று ஆள் தப்பாகச் சொன்னாலும், ஃப்ளஷ் இருந்தால் ஃப்ளஷ்தான். டீலர் தவறவிட்டால், அந்தக் கையில் ஆடாதவரும் சொல்ல வேண்டும். ஆனால் திறப்பதற்கு முன் யாரும் மிண்டக் கூடாது. கவிழ்த்து வீசிக் கழிவோடு கலந்து விட்டால் அதுவும் போச்சு.

மாமா அன்று 300 ரூபாய் விட்டார். ஏன் என்று இன்னும் அவருக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று இருக்கிறது.