குண்டு எட்டும் தூரம்: மதராசின் செப்புத்தட்டு வரைபடங்களும் அவற்றின் மேற்கு விளிம்பும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான மதராஸ் நகர வரைபடங்கள் எல்லாம் மேற்கே சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலும் கொத்தளங்களும் அளந்து பொறிக்கப்பட்டிருக்கும். வடக்கே, இந்தியர் குடியிருந்த கறுப்பர் நகரத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆற்றைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் சட்டகக் கோடு குறுக்கே விழுந்துவிடும். கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருநின்றவூரில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்கும் எனக்கு, அந்தக் கோடு ஏன் அங்கே விழுந்தது என்பதே முதல் கேள்வி.

தாளில் இடமில்லை என்றோ, உள்நாடு அவர்களுக்குத் தெரியாது என்றோ சொல்லிவிடலாம். இரண்டாவது விளக்கம் நிற்காது. 1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் டேயுக்கு இந்தக் கடற்கரைத் துண்டை அளித்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்து அதிகாரம் செய்தது பூந்தமல்லியில். அதாவது, கோட்டை எழுவதற்கான இசைவே மேற்கிலிருந்துதான் வந்தது. அந்தத் திசையைக் கும்பினியார் அறியாதிருந்தார்கள் என்பது பொருந்தாது. கோட்டை நகர வரைபடம் என்ற வகையின் எல்லையைப் பீரங்கிதான் வகுத்தது என்பதே என் வாதம். மதிலிலிருந்து சுடும் குண்டும் மதிலை நோக்கிச் சுடும் குண்டும் எட்டுகிற நிலம் மட்டுமே அதற்கு நிலம்.

பாரிசில் பிரெஞ்சுக் கடற்படையின் வரைபடப் பொறியாளராக இருந்த ழாக் நிக்கோலா பெல்லேன் 1764இல் வெளியிட்ட சிறு கடல் வரைபடத் தொகுதி ஐந்து பாகங்கள் கொண்டது. அதிலுள்ள மதராஸ் படம், 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கோட்டையைப் பிடித்த நிகழ்ச்சிக்குரியது. படத்துக்கும் நூலுக்கும் இடையே 18 ஆண்டுகள். இந்த இடைவெளியைச் செதுக்குத் தொழிலோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். செப்புத்தட்டில் எழுத்தையும் கோட்டையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, கூருளியால் கீறுவார்கள். கீறலில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். பழைய தாளில் படத்தைச் சுற்றிப் பள்ளமாகத் தெரியும் விளிம்பு அந்த அழுத்தத்தின் தடம். உழைப்பும் செலவும் மிகுந்த வேலை என்பதால் தட்டு தேயும்வரை அச்சிட்டார்கள். பிறர் அதைப் பார்த்து வேறு தட்டில் படியெடுத்தார்கள். ஆளுநர் தாமஸ் பிட் செய்வித்த அளவைக்கும் 1726இல் லண்டனில் ஹெர்மன் மோல் வெளியிட்ட சிறு படத்துக்கும் இடையிலும் இப்படியொரு தாமதம் உண்டு. ஆகவே அச்சு ஆண்டை நகரத்தின் ஆண்டாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

அந்த 18 ஆண்டுகளில் மதராஸ் உருமாறிவிட்டது. பிடித்த பிரெஞ்சுக்காரர்களே கோட்டையை ஒட்டிய கறுப்பர் நகரப் பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டை திரும்பக் கிடைத்தபின், எஞ்சியதை ஆங்கிலேயர் இடித்தார்கள். பகைவன் ஒளிந்து நெருங்க ஒரு சுவரும் மிஞ்சக் கூடாது என்பதே இருவருக்கும் காரணம். அங்கிருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் போயிற்று. பாரிசில் பெல்லேனின் நூலை வாங்கியவர் விரலால் தொட்டுப் பார்த்த தெருக்கள் அதற்குள் வெட்டவெளி. கோயிலோ, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியால் புதிய கறுப்பர் நகரத்தில், இன்றைய தேவராஜ முதலி தெருவில், மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. பீரங்கிக்காக அழிக்கப்பட்ட ஊரை, பீரங்கிக்காக வரையப்பட்ட தாள் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்தப் படங்களை நான் மதிப்பதும், பார்க்கும்போதெல்லாம் மனம் கனப்பதும் அதனால்தான்.

பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வீல் 1752இலேயே இந்தியா முழுவதையும் வரைந்துவிட்டாரே என்று மறுக்கலாம். அது நாட்டுப்படம், ஊர்ப்பெயர் அதில் ஒரு புள்ளி. தெரு, குளம், கோயில், மதில் என்று அளந்து காட்டுகிற நகரப்படத்தோடு அதை ஒப்பிட முடியாது. என் கேள்வி அந்த அளவில் எந்த நிலம் பார்க்கப்பட்டது என்பது.

அந்தப் பார்வைக்கு வெளியே நின்ற என் திருநின்றவூரைச் சேர்ந்தவர் பூசலார் நாயனார். கல்லும் பொருளும் இல்லாமல், நாள் குறித்து, அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்துக்குள்ளேயே கோயில் எடுத்தவர். பல்லவ மன்னன் காடவர்கோன் காஞ்சியில் கற்றளிக்குக் குறித்த அதே நாளில் இவரும் குடமுழுக்குக்கு நாள் வைத்திருந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. தாளில் இல்லாத கட்டடத்துக்கும் அளவும் வரிசையும் உண்டு என்று நம்பி வளர்ந்த ஊரில், வரைபடத்தின் வெற்றிடத்தை வெறும் நிலமாக வாசிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த வெற்றிடம் நிரம்பத் தொடங்கியது வரிக்காக. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக விட்டபின், பொறியாளர் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை அங்குள்ள ஊர்களை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். வீடு, ஏரி, நன்செய், புன்செய், தோப்பு, மானியம் எல்லாம் கணக்கில் ஏறின. ஊர்க் கணக்குகள் ஓலையில் தமிழில் இருந்தன. அவற்றின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. செப்புத்தட்டைப் படிப்பவர்கள் ஓலையைப் படிப்பதில்லை. ஓலையைப் படிப்பவர்கள் செப்புத்தட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரே தலைமுறையில் ஒரே கும்பினி ஒரு நிலத்தைக் குண்டாலும் மற்றொன்றை நெல்லாலும் அளந்தது என்பது இரண்டையும் அருகருகே வைத்தால்தான் புலப்படும்.

சட்டகக் கோட்டுக்கு நிலத்திலேயே ஓர் உறவுக்காரன் உண்டு. கோட்டைக்கும் புதிய கறுப்பர் நகரத்துக்கும் இடையே கட்டடம் எழக்கூடாத வெளியைக் குறிக்கக் கும்பினி தூண்கள் நட்டது. அவற்றில் ஒன்று, 1773ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு, பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் இன்னும் நிற்கிறது.