கம்பஞ்சோற்றுக்கு எத்தனை நிமிடம்?

சென்னையில் நான் வேலைபார்த்த ஒரு நிறுவனம் சமையல் தளம் நடத்திவந்தது. அதிலுள்ள குறிப்புகளைத் தேடுபொறிகள் படித்துக்கொள்ளும்படி கட்டங்களில் அடைத்துத் தருவது என் வேலை. பொருள்கள், செய்முறை, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஊர்ச் சாப்பாடு ஒன்றாவது அதில் இருக்கட்டுமே என்று கம்பஞ்சோற்றைச் சேர்க்க நினைத்து, திருச்சுழிப் பக்கம் கிராமத்திலிருந்த அப்பத்தாவைப் போனில் பிடித்தேன்.

"ஆக்க எம்புட்டு நேரமாகும் அப்பத்தா?"

"எதுல இருந்துய்யா கேக்குற? குத்துறதுல இருந்தா, ஒல வைக்கிறதுல இருந்தா? மறுநா கரைச்சுக் குடிக்கிறது வரைக்குமா?"

எனக்கு ஒரே ஒரு எண் வேண்டியிருந்தது. 30 நிமிடம் என்று போட்டேன். 4 பேருக்கு என்றும் போட்டேன்.

சமையலைக் கட்டத்துக்குள் வைப்பது கணினிக்காரர்கள் தொடங்கியதல்ல. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் 1845இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் பொருள்களின் அளவையும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார். 1861இல் வந்த பீட்டன் அம்மையாரின் புத்தகம் பொருள் பட்டியலைக் குறிப்பின் தலைக்கு ஏற்றியது. நம் பக்கம் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொடுத்த குறிப்புகளை உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதால் புத்தகமாக்கினார். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாத பெண்ணும் தனியாக நின்று சமைக்கவேண்டுமென்றால் 'கொஞ்சம்' என்ற சொல் உதவாது. ஆழாக்கும் பலமும் வேண்டும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கில் வளர்ந்தவர்களுக்கான புத்தகம் அது. மெட்ரிக் அளவைகள் வந்தபின் பழைய அளவுகளைக் கிராமுக்கு மாற்றித் தரவேண்டியதாயிற்று.

தேடுபொறியும் ஒருவகையில் அந்தத் தனியாக நிற்கும் பெண்தான். அதற்கு எதுவும் தெரியாது. 'கம்பு' என்று எழுதினால் சிலம்பக் கம்பா, தானியமா என்று முழிக்கும். இது பொருள், இது அளவு, இது நேரம் என்று சீட்டு ஒட்டிக்கொடுக்கவேண்டும். வலையில் இப்படிச் சீட்டு ஒட்டும் முயற்சிகளுக்கு வழிபோட்டவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர்.வி. குஹா. 1990களில் அவர் தொடங்கிய வேலைகளின் தொடர்ச்சியாக ஆர்.டி.எஃப். என்ற வடிவம் 1999இல் தரநிலையானது. கூகுள் 2009இல் தேடல் முடிவுகளோடு கூடுதல் விவரம் காட்டத் தொடங்கியது. மறுவருடமே சமையல் குறிப்புகளும் அதில் சேர்ந்தன. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் போட்டியை ஒதுக்கிவைத்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்பட்டியலை வெளியிட்டன. குஹா அதற்கும் முன்னின்றார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2011 பிப்ரவரியில், கூகுள் சமையலுக்கென்றே தனித்தேடல் ஒன்றைத் திறந்திருந்தது. கைவசமுள்ள பொருள், ஆகும் நேரம், கலோரி என்று சலித்துப் பார்க்கலாம். அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் அமாண்டா ஹெஸ்ஸர் அப்போதே இதைக் கண்டித்து எழுதினார். ஆள்பலமுள்ள தளங்களுக்கும், சீக்கிரம் முடிகிற சமையலுக்கும்தான் இதனால் ஆதாயம் என்பது அவர் வாதம்.

கட்டங்களை நிரப்பினால் முதலிடம் வரும் என்று எந்தத் தேடுபொறியும் வாக்குத் தருவதில்லை. நிரப்பினால் படத்தோடும் நேரத்தோடும் பளிச்சென்று தெரிய வாய்ப்புண்டு, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அந்த வாய்ப்புக்காக எதையும் செய்வோம். 16 மணி நேரம் என்றால் எவன் தொடுவான்? 30 என்பது அழகான எண்.

அப்பத்தா இறந்து இரண்டு வருடம் கழித்து, பெங்களூரிலிருந்து சித்தப்பா மகள் கூப்பிட்டாள். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்து, எல்லோரும் கம்பையும் குதிரைவாலியையும் தேடிக்கொண்டிருந்த சமயம்.

"அண்ணே, நெட்ல பாத்துக் கம்பஞ்சோறு ஆக்குனேன். நறநறன்னு இருக்கு. அப்பத்தா சோறு மாதிரி இல்லவே இல்ல."

எந்தக் குறிப்பு என்று கேட்டேன். நான் போட்டதுதான்.

அந்த 30 நிமிடத்தில் என்னவெல்லாம் போயிற்று என்று அன்றுதான் கணக்குப் பார்த்தேன். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து உரலில் குத்தவேண்டும். உமி போகப் புடைத்து, மறுபடி குத்தி, குருணையும் மாவுமாகப் பிரிக்கவேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை. அது வெந்தபிறகே மாவு. துடுப்பால் விடாமல் கிண்டி இறக்கி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி விடவேண்டும். காலையில் கரைத்து மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். வெயிலில் களையெடுக்கிற உடம்புக்கு அந்தப் புளித்த தண்ணீர்தான் தெம்பு. நான் ராத்திரியையே வெட்டியிருந்தேன்.

வெகுநாள் நான் கட்டங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், வெள்ளைக்காரன் அளவுக்குள் நம் சாப்பாடு அடங்காது என்று. அது பொய். ஸ்கீமாவில் ஆயத்த நேரம், வேகும் நேரம், மொத்த நேரம் என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அப்பத்தா திருப்பிக் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதே மூன்றுதான். எத்தனை பேருக்கு என்ற இடத்தில் '8 உருண்டை' என்றும் எழுதலாம். ஆள் கூடினால் ஒரு சொம்பு மோர் சேர்த்துக்கொள்ளலாம். இடம் இருந்தது. நிரப்பவேண்டியவன் நான்.

இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். அதுவும் கட்டம் போட்டு நிரப்புகிற வேலைதான். அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதினார் என்பதுதான் வித்தியாசம்.

அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டேன். பழைய பக்கத்தைத் திருத்த எனக்கு வழியில்லை. அதனால் அருப்புக்கோட்டையிலிருக்கும் அத்தையிடம் உட்கார்ந்து, உரலில் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு வேறொரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்த நேரம்: 16 மணி. அரைமணிச் சமையல் தேடுகிறவர்கள் கண்ணில் அது படாது. தங்கைக்கு அனுப்பினேன். உரல் இல்லாததால் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினாளாம்.

"இப்ப பரவால்லண்ணே," என்றாள். "புளிப்பு வந்துருச்சு."