நேட்டாலில் மொகரம்

கடல் கடந்து கூலிவேலைக்குச் சென்ற தமிழரின் துயரை எழுதியோர் பலர். அவர்கள் எந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடினர் என்று கேட்டோர் சிலரே. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைப் பொறுத்தவரை அதற்கான விடை பொங்கலன்று, தீபாவளியுமன்று, மொகரம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்று இறங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கிலேயே ஆள் சேர்த்தமையால், தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் ஊரில் விட்டுத் தனித்துச் சென்றவர் மிகப் பலர்.

அவர்களைச் சூழக் கரும்பு நின்றது. கரும்பை நிறுத்திப் பொங்கலிட ஓய்வுநாள் இல்லை. தை பிறக்கையில் அந்நாட்டில் கடுங்கோடை. பருவமும் மாறிற்று, பண்டிகையும் மாறிற்று. தோட்ட முதலாளிகள் கூலிகளுக்கு ஆண்டுதோறும் விட்டுக்கொடுத்த ஓய்வு மொகரத்தின் சில நாள்களே. வெள்ளையர் அதனைக் 'கூலிகளின் கிறிஸ்துமஸ்' என்று இகழ்ச்சி தோன்ற அழைத்தனர்.

ஒப்பந்தக் கூலிகளுள் முஸ்லிம்கள் சிறு தொகையினரே. எனினும் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு கூடு கட்டியவர்களிலும், அதனைத் தோளில் சுமந்தவர்களிலும், புலிவேடம் புனைந்து ஆடியவர்களிலும் இந்துக்கள் திரளாக இருந்தனர். தமிழ்நாட்டார்க்கு இது வியப்பன்று. தஞ்சை அருகே காசவளநாடு புதூரில் இந்துக்கள் மொகரத்துக்கு நோன்பிருந்து தீமிதிக்கும் வழக்கம் நம் காலத்திலும் உள்ளதே!

அனுமதிச்சீட்டு இன்றித் தோட்ட எல்லையைத் தாண்டுதல் குற்றமாயிருந்த வாழ்வு அது. மொகரத்தில்தான் வெவ்வேறு தோட்டத்தினர் ஒருங்கு கூட முடிந்தது. ஒரே கப்பலில் வந்து திசைக்கொருவராய்ப் பிரிந்தோர்க்கு ஒருவர் முகத்தை ஒருவர் காணவும் ஊர்ச்செய்தி கேட்கவும் வேறு நாள் ஏது? கர்பலாவில் சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில், நீரும் மறுக்கப்பட்டு உயிர்நீத்த உசேனுக்கான துக்கநாள், சுற்றத்தைப் பிரிந்த கூலிகளின் திருநாளாயிற்று. பறை முழங்க ஊர்வலம் சென்று, உம்கேனி ஆற்றில் கூட்டைக் கரைத்தபின் மீண்டும் கரும்புக்காடு.

1908இல் நேட்டாலுக்கு வந்த ஆரிய சமாஜத்துச் சுவாமி சங்கரானந்தர், இந்துக்கள் மொகரத்தை விடுத்துத் தீபாவளியைக் கைக்கொள்ள வேண்டுமென வற்புறுத்தினார். தீபாவளிக்கு ஓய்வுநாளும் கோரினார். தமக்கெனப் பண்டிகை வேண்டுமென்றதில் நியாயம் உண்டு. ஆயினும், அதற்குமுன் அரை நூற்றாண்டுக்காலம் கூடு சுமந்தோரைச் சமயம் அறியாதவர் என்று கொள்வது பொருந்தாது. அவர்கள் தம் ஊரில் அறிந்த விழாவையே அங்கும் எடுத்தனர். ஊரில் இல்லாத உறவை அதில் தேடிக்கொண்டனர். இன்று டர்பன் இந்துக்களுக்குத் தீபாவளியே பெருவிழா. அதனைக் கொண்டாடுவோருள் பலருடைய முன்னோர் அந்நாட்டில் முதன்முதல் கண்ட திருநாள், மொகரக் கூட்டின் பின்னே நடந்த நாளாகவே இருந்திருக்கும்.