மும்பை - கல்யாண் இருப்புப்பாதையில் தடப் பகிர்வு

மும்பை - கல்யாண் இருப்புப்பாதை என்பது மகாராட்டிர மாநிலத்தில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தையும் கல்யாண் சந்திப்பையும் இணைக்கும், ஏறத்தாழ 54 கிமீ நீளமான வழித்தடமாகும். மத்திய இரயில்வே இதனை இயக்குகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி போரி பந்தரிலிருந்து தாணே வரை ஓடியது இப்பாதையிலேயே. புறநகர் வண்டிகளும் தொலைதூர விரைவு வண்டிகளும் ஒரே தடங்களைப் பகிர்ந்துகொள்வதால் எழும் சிக்கல்களுக்கும் தீர்வுகளுக்கும் இப்பாதை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சிக்கலின் தன்மை

ஒரு தடத்தில் ஒரே வேகத்தில் ஓடி, ஒரே நிலையங்களில் நிற்கும் வண்டிகளைச் சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்க இயலும். வேகம் வேறுபடும்போது இது இயலாது. எடுத்துக்காட்டாக, எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி ஒன்று, நிற்காமல் செல்லும் வண்டியை விட 20 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். இடையில் முந்திச் செல்ல வழியில்லையெனில், விரைவு வண்டி அதற்கு 20 நிமிடத்திற்கும் மேலாகப் பிந்தியே புறப்பட வேண்டும். அவ்விடைவெளியில் பல புறநகர் வண்டிகள் சென்றிருக்கலாம். எனவே வேக வேறுபாடு தடத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது.

தொலைதூர வண்டியொன்று தாமதமாகி, மக்கள் பணிக்குச் செல்லும் காலை வேளையில் வந்து சேர்ந்தால் சிக்கல் மேலும் கூடும். அதனை முன்னே விட்டால் புறநகர் வண்டிகள் பிந்தும். நிறுத்தி வைத்தால் நெடுந்தொலைவு பயணித்தவர்கள் காத்திருக்க நேரிடும்.

தடங்களின் அமைப்பு

நாசிக், புனே ஆகிய இரு திசைகளிலிருந்து வரும் பாதைகளும் கல்யாணில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து மும்பை வரை உள்ள நான்கு தடங்களில் இரண்டு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளுக்கு உரியவை. மும்பை மக்கள் இவ்வண்டிகளை "ஸ்லோ" என்பர். மற்ற இரண்டில் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் "ஃபாஸ்ட்" புறநகர் வண்டிகளோடு தொலைதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடிவந்தன.

தடப் பிரிப்பு

தொலைதூர வண்டிகளைப் பிரிப்பதற்காக ஐந்தாம், ஆறாம் தடங்கள் திட்டமிடப்பட்டன. குர்லா - தாணே, திவா - கல்யாண் பகுதிகளில் இவை முன்னரே அமைந்தன. இடையில் விடுபட்டிருந்த தாணே - திவா பகுதி ஏறத்தாழ 620 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2022 பெப்ரவரி 18 அன்று திறந்து வைக்கப்பட்டது. இதில் 1.4 கிமீ நீளமான தொடர்வண்டி மேம்பாலமும் அடங்கும். ஒரு தடத்து வண்டி மற்றொரு தடத்தைக் குறுக்கே கடக்கும்போது இரு தடங்களும் முடங்குவதை இத்தகைய மேம்பாலம் தவிர்க்கிறது. தடங்கள் பிரிந்ததன் பயனாக 36 புதிய புறநகர்ச் சேவைகள் அறிவிக்கப்பட்டன.

எஞ்சிய பகுதி

குர்லாவுக்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்துக்கும் இடையே ஐந்தாம், ஆறாம் தடங்கள் இன்னும் முழுமை பெறவில்லை. குர்லா அருகிலுள்ள லோக்மான்ய திலக் முனையத்தில் பல தொலைதூர வண்டிகள் பயணத்தை முடித்துக்கொள்வதால் தெற்குப் பகுதியின் நெரிசல் ஓரளவு குறைகிறது. அதற்கு அப்பால் செல்லும் தொலைதூர வண்டிகள் புறநகர் வண்டிகளுடன் தடத்தைப் பகிர்ந்தே ஓடுகின்றன.