ஐந்து நிமிடக் கணக்கு

இம்மாத உரை ஒரு மருந்தின் வரலாறு பற்றியது. எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றோடு தொடங்குகிறேன்.

1999 ஆம் ஆண்டு சார்ஜாவில் கணக்காளராக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, காய்ச்சலோடு படுத்திருந்த இரண்டு வயது மகனுக்கு வலிப்பு வந்தது. ஊர் வழக்கப்படி அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தேன். மனைவி பற்களுக்கிடையே கரண்டி வைக்கப் பார்த்தார். இரண்டுமே பிழை. வைத்தியசாலையில் டொக்டர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை நிமிடமாக?" என்பதுதான். சதம் பிசகாமல் கணக்கெழுதும் நான் மணிக்கூட்டைப் பார்த்திருக்கவில்லை. ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. டொக்டர் சிறு குழாயால் ஆசனவாய் வழியாக டயசெபாம் செலுத்தினார். சற்று நேரத்தில் பிள்ளை அடங்கினான்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். 1857 இல் லண்டன் வைத்தியர் சார்ள்ஸ் லொகொக் பொற்றாசியம் புரோமைட் வலிப்புக்கு உதவுவதாகச் சொன்னார். 1882 இல் பரால்டிஹைட் வைத்தியத்துக்கு வந்தது. கடும் நாற்றம் உடையது. பிளாஸ்ரிக்கைக் கரைக்கும் என்பதால் கண்ணாடி ஊசிக்குழாய் வேண்டியிருந்தது. 1912 இல் ஜேர்மனியரான அல்பிரட் ஹவுப்ட்மன், தூக்க மருந்தான பினோபாபிற்றோன் வலிப்பைக் குறைப்பதைக் கண்டார். யூத வம்சத்தவரான அவர் நாசி ஆட்சியில் பதவியிழந்து, அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். டயசெபாமை உருவாக்கிய லியோ ஸ்ரேன்பாக்கும் யூதரே. 1941 இல் சுவிற்சர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர். 1963 இல் 'வலியம்' என்ற பெயரில் அவரது மருந்து சந்தைக்கு வந்தது. என் பிள்ளையைக் காத்த மருந்துக்குப் பின்னால் எம்மைப்போல நாடுவிட்டு வந்த ஒருவர் இருந்தார் என்று அறிந்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஆனால் ஆசனவாய் வழி மருந்து, வெளியிடத்தில் சங்கடமானது. 1970களில் உருவான மிடாசோலம் இதற்கு வழி திறந்தது. கன்னத்தின் உட்புறம், ஈறோரம் ஊற்றினாலே இரத்தத்தில் சேர்ந்துவிடும். 2005 இல் பிரித்தானிய வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்றில், கன்னவழி மிடாசோலம் 56 வீதமான வலிப்புகளிலும் ஆசனவாய் டயசெபாம் 27 வீதமானவற்றிலும் பலன் தந்தன. 2011 இல் ஐரோப்பிய ஒன்றியம், பிள்ளைகளுக்கென அளந்து நிரப்பிய கன்னவழி மிடாசோலத்துக்கு அனுமதியளித்தது.

இனி வளைகுடாவுக்கு வருவோம். டயசெபாம் 1984 இலும் மிடாசோலம் 1990 இலும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஐக்கிய அரபு எமிரேட்சில் 1995 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2021 ஆம் ஆண்டின் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய மருந்தைக் கொண்டுவருவோர் அரசிடம் முன் அனுமதி பெறவேண்டும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ டுபாய்க்கு உறவினரைப் பார்க்க வரும் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது. அனுமதிக் கடிதம், வைத்தியரின் மருந்துச்சீட்டு, மருந்தின் மூலப் பெட்டி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். ஏனைய வளைகுடா நாடுகளின் விதிகளைத் தனித்தனியே விசாரியுங்கள்.

காய்ச்சல் வலிப்புகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் தாமாக நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால், வைத்தியர் முன்பே மருந்து தந்திருந்தால், அவர் சொன்ன அளவில் கொடுங்கள். கூடினால் மூச்சு தளரும். எமிரேட்சில் அம்புலன்சுக்கு இலக்கம் 998. முதல் வலிப்பென்றால் ஐந்து நிமிடம் காத்திராமல் உடனே அழையுங்கள்.

என் மகனுக்கு அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. அந்த இரவு நான் தவறவிட்ட நிமிடக் கணக்கை நீங்கள் தவறவிடாதிருக்கவே இந்த உரை. அடுத்த மாதம் சந்திப்போம்.