ஆர்.சி. விமானம் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க 'லெவல்' எதுன்னு பாருங்க!

பார்க்க நிஜ போர் விமானம் மாதிரியே இருக்கு, செம வேகம்னு வேற போட்டிருக்கு... இப்படி ஆசைப்பட்டு வாங்கும் முதல் ரிமோட் கன்ட்ரோல் விமானம், பல வீடுகளில் முதல் நாளே இறக்கை உடைந்து பெட்டிக்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் தப்பு விமானத்தில் இல்லை. ஓட்டுபவரின் கைக்கும் அந்த விமானத்துக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

நடிகர் அஜித்குமாரின் ஏரோமாடலிங் ஆர்வத்தால் தமிழ்நாட்டில் பலருக்கும் இந்தப் பொழுதுபோக்கு தெரியும். 2018-ல் அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்‌ஷா' அணிக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கும் ஏரோமாடலிங் பயிற்சி உண்டு. சரி, புதிதாக வருபவர் எதில் தொடங்கணும்? அடுத்தது எது?

கையை விட்டா என்ன ஆகும்?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு வேகம் போகும்?" இல்லை. "ஸ்டிக்கை விட்டுட்டா என்ன ஆகும்?" என்பதுதான். சில விமானங்கள், கையை எடுத்ததும் தாமாகவே நேராகிவிடும். சில விமானங்கள், சாய்த்த நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். பதற்றத்தில் இருக்கும் புதியவருக்கு யோசிக்க நேரம் தருவது முதல் வகை மட்டுமே.

லெவல் 1: புதியவர்களுக்கு 'ட்ரெய்னர்'

ட்ரெய்னர் விமானத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரண்டு இறக்கைகளின் நுனியும் லேசாக மேல்நோக்கி உயர்ந்திருக்கும். இந்த அமைப்புதான் சாய்ந்த விமானத்தை மறுபடி நேராக்குகிறது. இறக்கை அகலமாக இருப்பதால் மெதுவாகவும் பறக்கும்.

ஃபோமில் செய்ததாக வாங்குங்கள். உடைந்தால் பசை போட்டு ஒட்டி, அன்றைக்கே பறக்க விடலாம். ப்ரொப்பெல்லர் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. மூக்கு குத்தி விழுந்தாலும் அது தப்பித்துவிடும். ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் இந்த ரகம்.

மோட்டார் வேகம், ஏற்றம்-இறக்கம், இடம்-வலம் என 3 சேனல் இருந்தாலே கற்றுக்கொள்ள போதும். கையில் செய்து பார்க்கணும்னா, போர்டு கடைகளில் கிடைக்கும் சன்பேக் ஷீட்டிலோ ஃபோம் போர்டிலோ செய்யலாம். செலவும் குறைவு, விழுந்தாலும் மனசு வலிக்காது.

இப்போது பல மாடல்களில், விமானத்தைத் தானாக நேராக்கும் 'கைரோ' வசதி இருக்கிறது. ஆரம்பத்தில் பெரிய உதவி. ஆனால் எப்பவும் அதையே நம்பியிருந்தால் கை பழகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் ஆஃப் செய்து ஓட்டிப் பாருங்கள்.

லெவல் 2: கை பழகியவர்களுக்கு

இங்கே நான்காவது சேனல் வருகிறது. அதுதான் 'எய்லரான்'. இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் தகடுகள் விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும். இந்த ரகத்தில் இறக்கை பெரும்பாலும் உடலின் நடுவிலோ கீழேயோ இருக்கும். சாய்த்தால் சாய்ந்தே நிற்கும். நேராக்குவது உங்கள் வேலை.

போர் விமானத் தோற்றம் வேணும்னா டி-28 ட்ரோஜன் நல்ல தொடக்கம். நிஜத்திலும் அது விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க உருவாக்கப்பட்ட விமானம்தான். அதே ஆசையில் நேராக ஸ்பிட்ஃபயருக்குத் தாவ வேண்டாம். அதன் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் தரையில் ஓடும்போதே கவிழப் பார்க்கும்.

லெவல் 3: அனுபவசாலிகளுக்கு மட்டும்

அந்தரத்தில் செங்குத்தாக நிற்கும் '3டி' விமானங்கள், ஜெட் போல சீறும் இ.டி.எஃப். மாடல்கள் இந்த ரகம். 3டி விமானத்தின் மோட்டார் இழுவிசை, விமானத்தின் எடையையே மிஞ்சும். ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலும் சட்டென்று திரும்பும். இ.டி.எஃப். மாடல்களுக்கு இறக்கை சிறியது, வேகம் அதிகம். வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, விமானம் விழுந்துவிடும். மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டினால் மீட்கலாம். ஆனால் அதற்கு உயரமும் வேணும், நிதானமும் வேணும்.

அடுத்த லெவலுக்கு எப்போ போகலாம்?

கீழே உள்ள நான்கையும் கைரோ இல்லாமல் செய்ய முடிந்தால் தாராளமாகப் போகலாம்.

* தொடர்ந்து 10 முறை சேதம் இல்லாமல் தரையிறக்குவது
* உயரம் குறையாமல், இடமும் வலமுமாக '8' வடிவில் பறக்க விடுவது
* மோட்டாரை அணைத்துவிட்டு, நினைத்த இடத்தில் இறக்குவது
* உங்களை நோக்கி வரும் விமானத்தைக் குழப்பமில்லாமல் ஓட்டுவது

கடைசியில் சொன்னதில்தான் பலர் தடுமாறுவார்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கு. எந்தப் பக்க இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். விமானம் நேராகிவிடும்.

இதையெல்லாம் ரியல்ஃப்ளைட் போன்ற சிமுலேட்டர்களில் முதலில் பழகலாம். அதில் நூறு தடவை விழுந்தாலும் பைசா செலவில்லை.

வாங்கும் முன் கவனிக்க...

ரிமோட்: மோட்டார் வேகம் இடது ஸ்டிக்கில் இருந்தால் 'மோட் 2', வலது ஸ்டிக்கில் இருந்தால் 'மோட் 1'. உங்களுக்குக் கற்றுத்தருபவர் எதைப் பயன்படுத்துகிறாரோ, அதையே வாங்குங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்துவிட்டு, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரியை இணைக்கணும். முடிக்கும்போது அப்படியே தலைகீழ்.

பேட்டரி: லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். அதற்குரிய பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் சார்ஜ் போடுங்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

காற்று: ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஃபோம் விமானம் எம்மாத்திரம்? காற்று அடங்கியிருக்கும் அதிகாலை நேரமே பயிற்சிக்கு ஏற்றது. ஏற்றுவதும் இறக்குவதும் காற்றை எதிர்த்தே இருக்கட்டும்.

எங்கே பறக்க விடலாம்?

ட்ரோன் விதிகள் 2021, பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் மாடல் விமானங்களையும் குறிப்பிடுகின்றன. பசுமை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க விடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான் வரம்பு. அதைவிட நெருங்கினால் அனுமதி தேவை. உங்கள் பகுதி எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கட்டும்.

ஒரு கிலோ எடையுள்ள ட்ரெய்னர் மேலே விழுந்தாலும் காயம்தான், சுழலும் ப்ரொப்பெல்லர் விரலையே பதம் பார்த்துவிடும். அதனால் மொட்டை மாடி, தெரு, கூட்டம் இருக்கும் பீச் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த மைதானமும், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரும் இருந்தால், உங்கள் முதல் விமானம் முழுசாக வீடு திரும்ப வாய்ப்பு அதிகம்.