ஒரு 'ஸ்ரீ'... ஒரு வாளி தார்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். வந்து நிற்கிற பஸ்ஸில், போர்டு உங்களுக்குத் தெரியாத மொழியில்! நம்பர் பிளேட்டிலும் அந்த மொழி எழுத்து. 'கண்டக்டரைக் கேட்டுக்கலாம்' என்று ஏறிவிடுவீர்கள். ஆனால், கோர்ட், கச்சேரி, உங்கள் பையனின் கவர்மென்ட் வேலை எல்லாமே இனி அந்த மொழியில்தான் என்றால்?

இலங்கைத் தமிழர்களுக்கு 1956-ல் அதுதான் நடந்தது.

பிரதமர் பண்டாரநாயக்க ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கிறிஸ்தவராகப் பிறந்து பௌத்தரானவர். இங்கிலீஷில் வெளுத்து வாங்குவார். ஆனால், ஓட்டு வேண்டுமே! 'சிங்களம் மட்டும்... 24 மணி நேரத்தில்!' என்று முழங்கினார். அவருக்காக ஊர் ஊராகப் போனது பிக்குகளின் முன்னணி. அதன் பெரும்புள்ளி, களனி விகாரையின் தலைமை பிக்கு புத்தரக்கித்த.

ஜெயித்தாச்சு. ஜூன் 5-ம் தேதி மசோதா வந்தது. அன்றைக்கே, செல்வநாயகம் தலைமையில் காலிமுகத் திடலில் அமைதியாக அறப்போராட்டம் நடத்திய தமிழர்களைக் கும்பல் அடித்து நொறுக்கியது. சட்டமும் நிறைவேறியது. அதன்பின் தமிழ் குமாஸ்தாக்கள் சம்பள உயர்வு வாங்கவே சிங்களப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று.

பண்டாரநாயக்கவுக்கே பயம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கலாம்! பிக்குகள் கொதித்தார்கள்.

1958-ல் நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுதிய அரசாங்க பஸ்கள் வடக்கே வந்தன. தமிழர்கள் அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பில் தமிழ் போர்டுகளுக்குத் தார்! ஏப்ரல் 9... பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று சொன்னார் பிரதமர். வாய்வார்த்தை போதாதாம். எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார்! அடுத்த மாதமே கலவரம். நூற்றுக்கும் அதிகமானோர் செத்தார்கள்.

ஆகஸ்டில், தமிழைக் கொஞ்சம் அனுமதிக்கும் சட்டம் ஒன்று கொண்டுவந்தார் பண்டாரநாயக்க. டூ லேட்!

1959 செப்டம்பர் 25. வீட்டு வராந்தாவில் காத்திருந்த சோமராம என்ற பிக்குவை, பிரதமர் பணிவாக வணங்கினார். காவி உடைக்குள்ளிருந்து துப்பாக்கி வந்தது. மறுநாள் இறந்துபோனார். சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர் யார் தெரியுமா? அவருக்கு ஓட்டு சேகரித்த அதே புத்தரக்கித்த! பிசினஸ் கசப்பும் அதில் இருந்தது என்பது தனிக்கதை.

தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது 1987-ல். அதற்குள் அங்கே யுத்தம் ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.